ஒன்பதாம் வகுப்போடு போதுமா?



போன மாதம் மரக்காணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம். எழுதியவர் நம் இதழைப் பதினைந்து வருடமாகப் படிப்பவர். கணவர் உப்பளத்தில் கணக்குப் பார்க்கிறார். மகள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நான்கு வருடமாக ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மாவும் பெண்ணும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள்.

‘ஜூன்ல ஒன்பதாவது போறா அக்கா. அடுத்து டென்த். இதோட நிறுத்திடுன்னு எல்லாரும் சொல்றாங்க, என் மாமியாரைத் தவிர. நீங்க என்ன சொல்றீங்க?’

கடிதத்தின் கடைசியில் இன்னொரு சேதி. மகள் அம்மாவின் போனில் ஐஸ் டான்ஸ் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறாளாம். அதிலும் ஒரு பிரெஞ்சு ஜோடி ஆடுவதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாளாம். ‘இதெல்லாம் நமக்கு எதுக்குடின்னா, அவங்களும் நம்ம மாதிரி மனுஷங்கதானேம்மான்னு சொல்றா.’

இந்தக் கடிதத்துக்கு நாலு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை. புதுச்சேரியில் ஒரு வேலை இருந்தது. போகிற வழியில் இறங்கிவிட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சாலையை ஒட்டிக் கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம். கரையில் மலை மலையாகக் குவித்துக் கீற்று போட்டு மூடிய உப்பு. தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்து நம் மாநிலத்தில் உப்பு என்றால் மரக்காணம்தான். காலை பத்து மணிக்கே அந்த வெள்ளையைப் பார்க்கக் கண் கூசுகிறது. கூலிங் கிளாஸ் இல்லாமல் காலம் முழுக்க அதிலேயே வேலை செய்பவர்களின் கண்களை நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் முதலில் பேசியது மாமியார்தான். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். முப்பது வருடம் பாத்தியில் வேலை பார்த்தவர். மழைக்காலம் முடிந்து, தேங்கிய தண்ணீரை வடித்த பிறகு, உப்பு எடுப்பதற்கு முன்னால் பாத்தி மிதிப்பார்கள். இதைப் பார்த்திருக்கிறீர்களா? சேறாகக் கிடக்கும் மண்ணைப் பெண்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். ஒருவர் கால் பட்ட இடத்தை ஒட்டி அடுத்தவர் கால் பட வேண்டும். இடையில் இடம் விட்டால் அங்கே தண்ணீர் இறங்கிவிடும், உப்பில் மண் கலந்துவிடும். இப்படி நாள் கணக்கில் மிதித்து மிதித்துத் தரை சிமென்ட் போட்ட மாதிரி ஆன பிறகுதான் உப்புநீரைப் பாய்ச்சுவார்கள். அப்புறம் வெயில் வேலை செய்யும். தண்ணீரின் மேலே பாலாடை மாதிரி உப்பு பூக்கும்.

“இவ காலைப் பாத்தீங்களா? என் காலு இது” என்றார் அந்தம்மா. பேத்தியின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு.

வெட்கத்தில் பெண் காலை இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பிரெஞ்சு ஜோடி யார் என்று கேட்டேன். போனைக் கொண்டுவந்து காட்டினாள். இஸபெல் தெலோபெல், ஒலிவியே ஷோன்ஃபெல்தெர். 2008-இல் ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் உலக சாம்பியன் பட்டம் வென்ற ஆட்டம். வாய் பேசாத ஒரு பெண்ணின் கதையைச் சொல்லும் ‘தி பியானோ’ படத்தின் இசைக்கு ஆடுகிறார்கள். நானும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். ஐஸ் டான்ஸில் ஆளைத் தூக்கி வீசுவது கிடையாது. தலைக்கு மேல் தூக்குவதும் கிடையாது. இரண்டு பேர், ஷூவுக்கு அடியில் இரண்டு ஜோடி இரும்புக் கத்தி, ஒரு இசை. கத்தியின் உள்விளிம்பா வெளிவிளிம்பா, எதில் சாய்ந்து போகிறோம், இரண்டு பேரின் முட்டியும் ஒரே நேரத்தில் மடங்குகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் பரதத்தில் அரைமண்டி பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.

அந்த இஸபெல்லின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் வீட்டு விஷயம் அதற்குள் இருக்கிறது.

1978-இல் பிறந்தவர். ஒலிவியேவோடு ஜோடி சேர்ந்தது 1990-இல். அப்போது பன்னிரண்டு வயது, நம் மரக்காணத்துப் பெண்ணைவிடச் சின்னவள். 2002-இல் முதல் ஒலிம்பிக். நடந்த ஊரின் பெயரைப் பாருங்கள், சால்ட் லேக் சிட்டி! உப்பு ஏரி நகரம். அதே ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது இன்னொரு பிரெஞ்சு ஜோடி, மரினா அனிசினாவும் க்வெந்தால் பெய்ஸராவும். இவர்களுக்கோ 16-ஆவது இடம். ஜோடி சேர்ந்து பன்னிரண்டு வருடம் கழித்து 16-ஆவது இடம். நம் வீட்டில் இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் அன்று ராத்திரி என்ன பேச்சு நடக்கும்?

அவர்கள் நிறுத்தவில்லை. 2006-இல் டூரின் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். வெண்கலத்துக்கும் அவர்களுக்கும் இரண்டு புள்ளிகூட வித்தியாசமில்லை. 2007-இல் ஐரோப்பிய சாம்பியன். 2008-இல்தான் உலக சாம்பியன். பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது. இஸபெல்லுக்கு இருபத்தொன்பது வயது, நம் ஊரில் ‘இன்னும் என்ன ஆட்டம்’ என்று கேட்கிற வயது.

அதே வருடக் கடைசியில் தோள்பட்டையில் காயம். அறுவை சிகிச்சை. 2009-இல் நடந்த எந்தப் பெரிய போட்டியிலும் அவர்களால் ஆட முடியவில்லை. அந்த வருடம் அக்டோபரில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. 2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக். கணக்குப் போட்டுப் பாருங்கள், குழந்தைக்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இஸபெல் வந்தார், ஆடினார். ஆறாம் இடம்.

பிள்ளை பெற்ற உடம்பு என்றால் என்னவென்று இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். ஐந்தாம் மாதத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். பதக்கம் இல்லாத அந்த ஆறாம் இடத்தை உலக சாம்பியன் பட்டத்துக்கு மேலாகவே நான் வைப்பேன்.

‘அது பிரான்ஸ், அங்கே ஊருக்கு ஊர் ஐஸ் தளம் இருக்கும், நமக்கு ஏது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டில் சிம்லாவில் 1920-லிருந்து ஒரு திறந்தவெளித் தளம் இருக்கிறது, குளிர்காலத்தில் மட்டும். டேராடூனில் 2011-இல் கட்டிய உள்ளரங்கத் தளம் பல வருடம் பூட்டிக் கிடந்து 2025-இல்தான் மறுபடி திறந்தது. மரக்காணத்துப் பெண்ணுக்கு டேராடூன் எங்கே!

ஆனால் சக்கரம் வைத்த ஷூ இருக்கிறதே. 2010-இல் சீனாவின் குவாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் ஜோடிப் பிரிவில் அவனி பஞ்சாலும் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமாவும் வெண்கலம் வாங்கினார்கள். தனிநபர் பிரிவிலும் அனூப்புக்கு வெண்கலம். ஐஸ் டான்ஸுக்கு நம் நாட்டில் நெருங்கிய சொந்தம் அது. ஆனால் நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இன்னும் பக்கத்தில் வருவோம். 2023 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் 3000 மீட்டர் தொடர் ஓட்டம். பெண்கள் பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம். நான்கு பேர்: சஞ்சனா பாதுலா, கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஹீரல் சாது, ஆரத்தி கஸ்தூரிராஜ். இவர்களில் கார்த்திகாவும் ஆரத்தியும் தமிழ்நாட்டுப் பெண்கள். ஆரத்தி டாக்டர். ஆம், எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். படிப்பா ஸ்கேட்டிங்கா என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் இந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

அன்றைக்கே ஆண்கள் பிரிவிலும் வெண்கலம். அந்தப் பந்தயத்தின் முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. முதலில் வந்துகொண்டிருந்த தென்கொரிய வீரர் ஜெயித்துவிட்டோம் என்று கோட்டுக்கு முன்னாலேயே கைகளைத் தூக்கிவிட்டார். பின்னால் வந்த சீன தைபே வீரர் விடாமல் இடது காலை நீட்டினார். வித்தியாசம் நொடியில் நூறில் ஒரு பங்கு. தங்கம் கை மாறியது. அந்தப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கிய நம் அணியில் இருந்தவர் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார். இரண்டு வருடம் கழித்து, 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலகப் போட்டியில் அவர் 1000 மீட்டரில் தங்கம், 42 கிலோமீட்டர் மாரத்தானில் தங்கம், 500 மீட்டரில் வெண்கலம் என்று அள்ளிக்கொண்டு வந்தார். ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியனான முதல் இந்தியர் நம் ஊர்ப் பையன். பனி விழாத ஊரில் பிறந்த பையன்.

மரக்காணத்திலிருந்து அதே கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மாமல்லபுரம். மீனவக் குடும்பத்துப் பெண் கமலி மூர்த்தி சின்ன வயதில் கவுன் போட்டு, செருப்பில்லாத காலோடு ஸ்கேட்போர்டில் சறுக்கிய படம் உலகம் சுற்றியது. அவரையும் அவர் அம்மாவையும் பற்றிய ‘கமலி’ குறும்படம் பாஃப்டா விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வரை போனது. இப்போது அலைச்சறுக்கில் நாட்டின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவர். அந்தக் குறும்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பாதிக் கதை அம்மாவின் கதை.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதாதது.

என் மகளும் ஒன்பதாம் வகுப்பில் நின்றாள். பரதநாட்டியம். ஏழு வருடம் ஆடினாள். ‘பத்தாவது முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நிறுத்தியது நான்தான். பத்தாவது முடிந்தது, பதினொன்று வந்தது. பன்னிரண்டு முடிந்தது, கோச்சிங் வந்தது. மதிப்பெண் நன்றாகவே வாங்கினாள். இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது அவளுடைய சலங்கைப் பெட்டி கிடைத்தது. தோல் பட்டை காய்ந்து விறைத்துப்போயிருந்தது. அவள் அதைக் கையில் எடுத்து, ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான். அந்தச் சத்தம் எனக்குள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தாள். அதை ஒன்றரை மணியாகக் குறைத்திருக்கலாமே? நிறுத்துவதற்கும் குறைப்பதற்கும் நடுவில் இவ்வளவு இடம் இருப்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் தோன்றுவதில்லை. அதிலும் பெண் பிள்ளை என்றால் சீக்கிரமே ‘போதும்’ வந்துவிடுகிறது. வயதுக்கு வந்துவிட்டாள், டிரெஸ் ஒட்டினாற்போல் இருக்கிறது, வெளியூர்ப் போட்டிக்கு யார் கூடப் போவது, விழுந்து முகத்தில் தழும்பு வந்தால் நாளைக்கு... இந்த வாக்கியத்தை நான் முடிக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

இவற்றில் சில நிஜமான கவலைகள். இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். வெளியூர்ப் போட்டிக்கு அம்மாவோ அப்பாவோ கூடப் போகத்தான் வேண்டும். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, பயிற்சி நடக்கும் இடத்தில் கழிவறை இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஹெல்மெட், முட்டிக் கவசம் இல்லாமல் ஒரு நாள்கூட இறங்க விடக் கூடாது.

செலவும் உண்டு. பழகுகிற ஷூ ஓரிரு ஆயிரத்தில் கிடைக்கும். பந்தயத்துக்கான நல்ல இன்லைன் ஷூவோ எளிதில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். ஆனால் பிள்ளைகளின் கால் வருடத்துக்கு ஒரு சைஸ் வளர்கிறதே, பெரிய பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன ஷூவைப் பாதி விலைக்கு வாங்குவதில் என்ன கௌரவக் குறைச்சல்? நம் வீடுகளில் அண்ணன் புத்தகத்தைத் தம்பி படிக்கவில்லையா?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். காருக்கு அடியில் குனிந்து ஓடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது, நூறு பிள்ளைகளை வரிசையாக விட்டு ‘உலக சாதனை’ என்று பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுப்பது இதெல்லாம் ஊர் ஊராக நடக்கிறது. சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாம், அதற்கு மேல் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. மாவட்ட, மாநிலப் போட்டிகளும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் முறையான அமைப்புகளின் வழியாக நடக்கின்றன. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, அரசு வேலையிலும் 3 சதவீதம் உண்டு. அதற்கு எந்தப் போட்டியின் எந்தச் சான்றிதழ் செல்லும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். வசதியில்லாத வீரர்களுக்கு உதவ 2023-இல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை என்று அரசே ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அங்கேயும் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

ஒதுக்கீட்டுக்காகத்தான் பிள்ளையை விளையாட அனுப்ப வேண்டுமா? வேண்டாம். ஆனால் வீட்டில் பேச்சு எழும்போது சொல்வதற்குக் கையில் நாலு நியாயம் வேண்டும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

மறுபடி மரக்காணத்துக்கு வருகிறேன். பேச்சுவாக்கில் அந்தப் பெண் என்னிடம் கேட்டாள், “ஆண்ட்டி, இந்த உப்பு மேல சறுக்க முடியுமா?” முடியாது கண்ணு, உப்பு சொரசொரப்பு என்றேன். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னேன். ஐஸ் தளத்தின் அடியில் குழாய் குழாயாக ஓடி அதை உறைய வைப்பது பெரும்பாலும் குளிரூட்டிய உப்புக் கரைசல்தான். சாதாரணத் தண்ணீர் என்றால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். உப்பு கரைந்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது. குல்பிக்காரர் பானை ஐஸில் கல்லுப்பைப் போடுவதும் இந்தக் கணக்கில்தான்.

கண்ணை அகல விரித்துக்கொண்டு பாட்டியைப் பார்த்தாள். “ஆயா, கேட்டியா? ஐஸுக்கு அடியில உப்பாம்!”

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பக்கத்திலிருந்த புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் கரையில் புயல் என்றால் விளையாட்டில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது உப்பளம் முழுக்கத் தண்ணீர், மாதக் கணக்கில் வேலை இல்லை என்றார் அப்பா. மற்ற நாட்களில் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் காலியாகக் கிடக்கிறது. வழவழப்பான சிமென்ட் தரை. தூண்களுக்கு நடுவே எட்டுப் போட்டு ஓடிக் காட்டினாள். வளைவில் அவள் சாய்கிற சாய்வைப் பார்த்து எனக்கு அடிவயிறு பகீரென்றது. ஆயா அசையவே இல்லை.

“உங்களுக்குப் பயமா இல்லையாம்மா? எல்லாரும் நிறுத்தச் சொல்றப்ப நீங்க மட்டும் ஓடட்டும்கறீங்களே?”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேத்தியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “முன்ன விழுந்தா கைய ஊனிக்கும். இப்ப பக்கவாட்டுல உருண்டு எழுந்துக்குது. விழக் கத்துக்கிச்சு. இனிமே எதுக்கு நிறுத்தறது?”

அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவரிடம் நான் சொன்னது இதுதான்: ஒன்பதாவதில் நிறுத்தாதீர்கள். வாரா வாரம் ஞாயிறு என்பதை வேண்டுமானால் மாதத்துக்கு இரண்டு ஞாயிறாக்குங்கள். பத்தாவதில் பரீட்சைக்கு முந்தின இரண்டு மாதம் லீவு விடுங்கள். ஷூவை மட்டும் பரணில் ஏற்றாதீர்கள், கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஷூவோ சலங்கையோ கேரம் போர்டோ வீணையோ இருந்தால் உங்களிடமும் இதையேதான் கேட்டுக்கொள்கிறேன்.

இருட்டத் தொடங்கியதும் அவள் ஷூவைக் கழற்றினாள். ஆயா அதை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்தார். ஒன்று கரகரவென்றது.

“உப்புக் காத்து. ரெண்டு நாள் விட்டா பேரிங் துரு ஏறிடும்” என்றபடி இடுப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய். ஒரே ஒரு சொட்டு விட்டார். முந்தானையால் துடைத்து, விரலால் மறுபடி சுண்டினார்.

சக்கரம் சத்தமில்லாமல் ரொம்ப நேரம் சுற்றியது.

அன்புடன்,
ஆசிரியர்